கேள்விக்குறிக்கு முன் இடைவெளி விடாதீர்கள்

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களைத் தட்டச்சு செய்து தருபவர்கள் எழுத்துப்பிழையைத்தான் தேடித் தேடித் திருத்துகிறார்கள். விரலால் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்தான பிரெயிலுக்கு மாற்றும்போது அதற்குச் சமமாகக் காலை வாரிவிடுபவை நிறுத்தக்குறிகள்.

பிரெயிலில் ஓர் எழுத்துக்கட்டத்துக்கு ஆறே புள்ளிகள். ஆகவே ஒரே வடிவம் இரண்டு வேலை பார்க்கும். கேள்விக்குறிக்கும் தொடக்க மேற்கோள்குறிக்கும் 2, 3, 6 என்ற அதே புள்ளிகள்தாம். சொல்லின் முடிவில் ஒட்டி வந்தால் கேள்விக்குறி. சொல்லுக்கு முன்னால் வந்தால் மேற்கோள். “எப்போது வந்தாய் ?” என்று இடைவெளி விட்டு அடித்தால், அங்கே யாரோ பேசத் தொடங்குவதாக வாசகரின் விரல் எடுத்துக்கொள்ளக்கூடும். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. தேடி மாற்றும் வசதியில் இடைவெளியையும் கேள்விக்குறியையும் சேர்த்துக் கொடுத்து, வெறும் கேள்விக்குறியாக மாற்றிவிடுங்கள். காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் இதே வைத்தியம்தான். குறிக்குப் பின்னால் மட்டும் ஓர் இடைவெளி இருக்கட்டும்.

ஆய்த எழுத்துக்குப் பதில் முக்காற்புள்ளி போட்டு ‘அ:து’ என்று எழுதுவது இன்னொரு தொல்லை. கண் அதை மன்னித்துவிடும். மாற்றும் மென்பொருள் மன்னிக்காது. ‘எ’ வர வேண்டிய இடத்தில் தமிழ் எண்ணான ‘௭’ நுழைந்தாலும் இதே கதிதான்.

பத்திகளுக்கு நடுவே நட்சத்திரங்களையும் கோடுகளையும் வரிசையாக அடுக்குவதையும் விட்டுவிடுங்கள். அலங்காரமாகத் தெரியும் அந்த வரிசையைப் பிரெயில் வாசகர் ஒவ்வொரு குறியாகத் தடவிக் கடக்க வேண்டும். ஒரு வெற்று வரி போதும்.