எம்1ஏ-வா, ஏஆர்-15-ஆ? இலக்குச் சுடுதலுக்கு ரைபிள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் குடியேறி, இலக்குச் சுடுதலில் ஆர்வம் வந்து, கிளப்பில் சேர்ந்த நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: எம்1ஏ வாங்கட்டுமா, ஏஆர்-15 வாங்கட்டுமா? இரண்டும் செமி-ஆட்டோமேட்டிக் ரைபிள்கள். டிரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும், அடுத்தது தானாக அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) ஏறிக்கொள்ளும். எம்1ஏ என்பது எம்14 ராணுவ ரைபிளின் பொதுமக்கள் வடிவம். மரக்கட்டையும் இரும்புமாக இருக்கும், .308 வின்செஸ்டர் தோட்டாவைச் சுடும். ஏஆர்-15 எம்16 குடும்பத்தைச் சேர்ந்தது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும்தான் அதிகம், தோட்டா .223 அல்லது 5.56 (இந்த எண்கள் எல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள்).

போட்டியில் புள்ளி எடுக்க வேண்டும் என்றால் ஏஆர்-15 வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. எம்1ஏ-வை, அது கேட்கும் உழைப்பைத் தெரிந்துகொண்டு, அதற்காகவே ஆசைப்பட்டு வாங்குபவர்கள் வாங்கலாம். பெரும்பாலானவர்கள் அப்படி யோசித்து வாங்குவதில்லை.

எந்தப் போட்டி என்று தெரியாமல் வாங்குவது

இந்த இரண்டு ரைபிள்களும் அதிகம் மோதிக்கொண்ட களம் சர்வீஸ் ரைபிள் போட்டி, அதாவது ராணுவ ரைபிள் வடிவங்களைக் கொண்டு சுடும் போட்டி. ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்து வருகின்றன. அங்கே சுடப்படும் நேஷனல் மேட்ச் கோர்ஸில் மொத்தம் 50 தோட்டா, 500 புள்ளி. 200 கஜத்தில் நின்றுகொண்டு 10 நிமிடத்தில் 10 தோட்டா. அதே தூரத்தில் உட்கார்ந்து 60 வினாடியில் 10. 300 கஜத்தில் படுத்து 70 வினாடியில் 10. கடைசியாக 600 கஜத்தில் படுத்து, நிதானமாக 20 நிமிடத்தில் 20 தோட்டா. ரைபிளை எதன் மேலும் சாய்த்து வைக்கக் கூடாது. கையும், ரைபிளில் மாட்டிய தோல்வாரும்தான் துணை.

இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எம்1ஏ-விலேயே சோகாம் 16 என்று 16 அங்குலத்தைச் சற்றே தாண்டிய குட்டைக் குழல் உள்ள மாடல் இருக்கிறது. கைக்கு அடக்கமாக இருக்கும். ஆனால் 600 கஜப் போட்டிக்கு அதை வாங்குவது வீண். போட்டிக்கு வேண்டியது 22 அங்குலக் குழல் உள்ள நேஷனல் மேட்ச், சூப்பர் மேட்ச் போன்ற மாடல்கள்.

ஏஆரிலும் இதே கதைதான். குழலுக்குள் இருக்கும் சுழல்வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்று பாருங்கள். 600 கஜத்துக்குச் சுடும் 77, 80 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டுகள் நீளமானவை. அவை நிலையாகப் பறக்க 8 அங்குலத்துக்கோ 7 அங்குலத்துக்கோ ஒரு சுற்று வேண்டும். விலை குறைவு என்று 9 அங்குலச் சுற்று உள்ள குழலை வாங்கிவிட்டு, 600 கஜத்தில் குண்டு ஏன் சிதறுகிறது என்று ஸ்கோப்பைத் திட்டிப் பயனில்லை.

பெரிய குண்டுதான் நேராகப் போகும் என்று நம்புவது

.308-க்கு வழக்கமான போட்டிக் குண்டு 168 அல்லது 175 கிரெய்ன். ஏஆரின் 77 கிரெய்னைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் காற்றில் அது அசையாது, இது அலைபாயும் என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில், 600 கஜத்தில் 80 கிரெய்ன் .223 குண்டும் 168 கிரெய்ன் .308 குண்டும் பக்கக்காற்றில் ஏறத்தாழ ஒரே அளவுதான் விலகும். காற்றைக் கிழிக்கும் வடிவமும் வேகமும் எடை வித்தியாசத்தைச் சமன் செய்துவிடுகின்றன.

தோளுக்கு மட்டும் அந்தச் சமன் கிடையாது. .308-இன் பின்னுதைப்பு ஒரு தோட்டாவில் பெரிதாகத் தெரியாது. 60 வினாடியில் பத்து சுடும்போதுதான் தெரியும். ஒவ்வொரு உதைப்புக்கும் முழங்கை நகர்கிறது, கன்னம் ரைபிளின் கட்டையிலிருந்து எழும்புகிறது, மறுபடி குறி பிடிக்க நேரம் போகிறது. நடுவில் மேகசினையும் (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) மாற்றியாக வேண்டும். ஏஆரில் சைட் (குறி பார்க்கும் கருவி) கிட்டத்தட்ட அதே இடத்துக்கே திரும்பி வந்து நிற்கும்.

1990-களின் தொடக்கம் வரை இந்தப் போட்டிகளில் எம்14 வகைதான் ராஜா. அந்தப் பத்தாண்டின் நடுவில் ராணுவத்தின் மார்க்ஸ்மேன்ஷிப் யூனிட் எம்16-க்கு மாறி வெல்லத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே வரிசை முழுவதும் ஏஆராக மாறிவிட்டது. சும்மா ஃபேஷனுக்காக யாரும் மாறவில்லை.

பராமரிப்பை விலையோடு சேர்க்காமல் விடுவது

எம்1ஏ வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்1ஏ-வின் துல்லியம், அதன் ரிசீவர் (குழலையும் போல்ட்டையும் தாங்கும் உலோக உடல்) கட்டைக்குள் எவ்வளவு இறுக்கமாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. அதற்காகவே போட்டி ரைபிள்களில் கட்டைக்கும் ரிசீவருக்கும் நடுவில் எபாக்சி வார்த்து ஒரு படுகை செய்வார்கள். இதை பெட்டிங் என்பார்கள். ரைபிளைக் கட்டையிலிருந்து கழற்றி மாட்டும்போதெல்லாம் அந்தப் படுகை கொஞ்சம் தேயும். குழல் சுத்தம் செய்யும் ரசாயனமும் எண்ணெயும் உள்ளே கசிந்தாலும் கெடும். நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த ரைபிள் ஒரு சீசனுக்குப் பிறகு காரணமே இல்லாமல் சிதறத் தொடங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மறுபடி பெட்டிங் செய்ய எம்14 தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே ஒவ்வொரு வாரமும் ஆர்வக் கோளாறில் முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்யாதீர்கள்.

சுத்தம் செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. எம்1ஏ-வின் ரிசீவர் பின்பக்கம் மூடியிருப்பதால் கம்பியை அறைப்பக்கத்திலிருந்து நுழைக்க முடியாது, குழல் வாய் வழியாகத்தான் விட வேண்டும். கம்பி ஒவ்வொரு முறையும் வாய் விளிம்பில் உரசினால் அந்த விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்துபோகும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே கோணல் வந்தால் குறி போச்சு. வாயில் பொருத்தும் கம்பி வழிகாட்டி சின்னப் பித்தளைத் துண்டுதான், அதைக் கட்டாயம் வாங்குங்கள். சுத்தம் செய்யும்போது ரைபிளைத் தலைகீழாக வையுங்கள், ரசாயனம் பெட்டிங் பக்கம் வழியாது. ஏஆரில் இணைப்பு ஊசியை இழுத்தால் ரைபிள் இரண்டாகத் திறந்துகொள்ளும். கம்பி பின்னாலிருந்து நேராகப் போய்விடும்.

எல்லா ஏஆரும் ஒன்றுதான் என்று எண்ணுவது

ஏஆர் பக்கம் நடக்கும் பெரிய தவறு இது. சாதாரண ஏஆரில் முன்பக்கத் தோல்வார் வளையம் குழலோடு சேர்ந்த முன் சைட்டின் அடியில் இருக்கும். போட்டியில் தோல்வாரைக் கையில் சுற்றி இறுக்கமாக இழுத்துத்தான் சுடுவார்கள். அந்த இழுப்பு குழலையே லேசாக வளைக்கும். மேசை மேல் மணல் மூட்டையில் வைத்துச் சுட்டபோது நடுவில் விழுந்த குண்டுகள், தோல்வார் மாட்டியதும் சில அங்குலம் இறங்கி ஓரமாக விழும். போட்டி ஏஆரில் குழலைச் சுற்றியுள்ள முன்கைப்பிடிக்குள்ளே ஒரு குழாய் இருக்கும். அது குழலைத் தொடாமல் ரிசீவரில் மட்டும் பிடித்திருக்கும், தோல்வார் அந்தக் குழாயைத்தான் இழுக்கும். ஃப்ரீ-ஃப்ளோட் என்று சொல்வது இதையே. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அறை அளவையும் பாருங்கள். 5.56 தோட்டாவும் .223 தோட்டாவும் வெளித் தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும். ஆனால் .223 அறையில் 5.56 ராணுவத் தோட்டாவைப் போட்டால் அழுத்தம் எல்லை மீறலாம். .223 வைல்டு என்று குழலில் பொறித்திருந்தால் இரண்டையும் சுடலாம். போட்டிக்கும் அது நல்ல அறை.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை: ஏஆர் லேசானது என்பதற்காக அதை வாங்காதீர்கள். நின்று சுடும்போது ஆடாமல் இருக்க, கட்டைக்குள் ஈயம் வைத்து எடை ஏற்றும் போட்டியாளர்கள் நிறையப் பேர்.

ஸ்கோப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

2016 முதல் சர்வீஸ் ரைபிளில் 4.5 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப்புக்கு அனுமதி உண்டு. அதற்கு முன்பு இரும்பு சைட் மட்டும்தான். அப்போது எம்14-க்கு ஒரு அனுகூலம் இருந்தது. அதில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி சுமார் 26 3/4 அங்குலம், எம்16ஏ2-வில் 19 3/4 அங்குலம்தான். இடைவெளி கூடினால் குறிப் பிழை குறையும். ஸ்கோப் வந்ததும் அந்த அனுகூலம் போய்விட்டது. ஏஆரின் மேல்பக்கம் ஸ்கோப் மாட்டும் தண்டவாளமாகவே இருக்கிறது. எம்1ஏ-வில் ரிசீவரின் பக்கவாட்டில் தனி மவுண்ட் திருகிப் பொருத்த வேண்டும், சுடச்சுட அது தளர்ந்துகொடுக்கும், ஸ்கோப் உயரத்தில் நிற்பதால் கன்னத்துக்கு மேல் திண்டும் கட்ட வேண்டும். வயது ஏறி முன் சைட் மங்கலாகத் தெரிகிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

இரண்டு ரைபிளுக்கும் பொதுவான இரண்டு தவறுகள்

ஒற்றைத் தோட்டாவை நேராக அறைக்குள் போட்டு, போல்ட்டை (அறையை மூடும் உலோகத் துண்டு) தடாலென்று விடாதீர்கள். இரண்டு ரைபிளிலும் ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) ஸ்பிரிங் இல்லாமல் தளர்வாக இருக்கும். போல்ட் மோதும் வேகத்தில் அது முன்னால் பாய்ந்து, டிரிகரைத் தொடாமலே வெடிக்க வாய்ப்புண்டு. மேகசின் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். ஏஆரில் 80 கிரெய்ன் தோட்டா மேகசினுக்குள் அடங்காத நீளம் என்பதால், அதற்கென்றே ஒற்றைத் தோட்டா ஏற்றும் தட்டு விற்கிறார்கள்.

இன்னொன்று சட்டம். கலிபோர்னியாவில், கழற்றக்கூடிய மேகசின் உள்ள இந்த வகை ரைபிளில் பிஸ்டல் பிடியோ, வாயில் தீப்பொறியை மறைக்கும் ஃபிளாஷ் சப்ரெசரோ இருந்தாலே தடை. ஏஆரின் சாதாரண வடிவம் அங்கே சிக்கிக்கொள்ளும். பழைய பாணிக் கட்டையோடு, வாயில் பின்னுதைப்பைக் குறைக்கும் மஸில் பிரேக் மட்டும் உள்ள எம்1ஏ தப்பித்துக்கொள்ளும். மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இருக்கிறது: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. வேட்டை லைசென்ஸ் உள்ளிட்ட சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இரவல் வாங்கிச் சுடுவதும் வைத்திருப்பதாகக் கணக்காகலாம், அதனால் வக்கீலிடம் கேட்டுவிட்டு ரேஞ்சுக்குப் போங்கள்.

சட்டப்படி சரி என்றால், பணத்தைக் கொட்டுவதற்கு முன் இரண்டையும் சுட்டுப் பாருங்கள். கேம்ப் பெர்ரியில் கோடைப் போட்டிகளின்போது நடக்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபயரிங் ஸ்கூலில் ரைபிளும் தோட்டாவும் அவர்களே தந்து கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே தருவது ஏஆர் வகை. எம்1ஏ-வுக்கு உங்கள் கிளப்பில் பழைய போட்டியாளர் யாரையாவது கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மேசையில் வைத்துச் சுட வேண்டாம். தோல்வார் மாட்டி, உட்கார்ந்து, 60 வினாடியில் பத்து தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.