கொங்கு நாட்டில் வீட்டுக் காய்கறித் தோட்டம்: முதல்முறை போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகாசியில் ஆசையாகச் செடி வளர்க்கும் பை வாங்குவார்கள். ஆனியில் விதை போடுவார்கள். ஆடி முடிவதற்குள் முக்கால்வாசிச் செடி போயிருக்கும். "நமக்குக் கைராசி இல்லைங்க" என்று சொல்லி மண்ணைத் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு, பையை மடித்து வைத்துவிடுவார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வருஷம் தவறாமல் நடக்கிற கதை இது. இதில் கைராசிக்கு ஒரு வேலையும் இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ மாடித்தோட்டம் வைத்திருக்கும் யாரோ வீடியோவில் சொன்னதை நாம் அப்படியே இங்கே செய்கிறோம். அவர் சொன்னது அவர் ஊருக்குச் சரிதான். நம் காற்று வேறு, தண்ணீர் வேறு, மழை வருகிற மாதமும் வேறு. இதைப் புரிந்துகொண்டு தொடங்கினால் முதல் வருஷமே வீட்டுக்குக் கீரையும் மிளகாயும் கத்தரியும் தாராளமாகக் கிடைக்கும்.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் விதைப்பது

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் நம் மேல் பாய்கிறது. மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக இங்கே வருகிறது. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் நிற்பதற்கும் அதுவே காரணம். வைகாசி கடைசியில் தொடங்கி ஆடி முடியும் வரை வீசுகிற இந்தக் காற்றில் தரையில் இருக்கும் செடியே ஆடிப்போகும். மொட்டை மாடியில் சொல்லவே வேண்டாம்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியும் "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்ற பழமொழியும் ஒரே மாதத்தைத்தான் சொல்கின்றன. இரண்டுக்கும் இடம் கொடுக்க ஒரு வழி உண்டு. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் ஆடியில் நாற்றாக விடுங்கள். வீட்டின் கிழக்குப் பக்கம், சுவர் மறைவில் நாற்றுத் தட்டை வைத்தால் போதும். தக்காளி, கத்தரி நாற்று 25 முதல் 30 நாளில் தயாராகிவிடும். மிளகாய்க்கு ஒரு வாரம் பத்து நாள் கூடுதலாக ஆகும். எடுத்து நடும்போது ஆவணி வந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். வெண்டை, அவரை, கொடி வகைகளை நாற்று விடாமல் நேரடியாக ஊன்றலாம். மாடியில் இருந்தால் மேற்குப் பக்கம் நிழல்வலையைச் சுவர் மாதிரி இழுத்துக் கட்டிவிடுங்கள்.

இந்தக் காற்றில் இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. ஆனி, ஆடியில் வானம் மூட்டமாக, ஜில்லென்று இருக்கும். மழை வந்துவிடும் என்று நினைத்துத் தண்ணீர் விடாமல் இருந்துவிடுவோம். மழை வராது. வெயிலை விட வேகமாக மண்ணைக் காயவைப்பது இந்தக் காற்றுதான். தூறல் விழுந்தாலும் மேல் மண் மட்டுமே நனையும். நம் பகுதிக்கு உண்மையான மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான்.

தண்ணீர்

அதிகமான செடிகள் சாவது தண்ணீரால்தான். தண்ணீர் போதாமல் செத்ததைவிட, கூடிப்போய்ச் செத்ததுதான் அதிகம்.

"ஏனுங்க்கா, ரெண்டு வேளையும் ஊத்தறேன், அப்பவும் மத்தியானமானா வாடிப்போகுதுங்களே?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டால் பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: "சாயங்காலம் பார்த்தியா கண்ணு?" பங்குனி, சித்திரை வெயிலில் கத்தரியும் வெள்ளரியும் பூசணியும் நண்பகலில் இலையைத் தொங்கப் போடும். வேர் உறிஞ்சுவதை விட இலை வேகமாக இழப்பதால் வருகிற வாட்டம் அது. வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்தால் அந்தச் செடிக்கு ஒரு குறையும் இல்லை. காலையிலும் வாடியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் உடனே குவளையைத் தூக்காமல், ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். விரலில் ஈரமண் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். ஈரம் இருந்தும் வாடுகிறது என்றால் வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்கியிருக்கும். பையின் அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, எந்தத் தண்ணீர் என்பது. நம் வீடுகளில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு குழாய் இருக்கும். சிறுவாணியும் பவானியும் குடிக்க. போர்த் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும். செடிக்கும் போர்த் தண்ணீர்தான் போகிறது, அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் பையின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாக ஒரு படலம் படிகிறதா என்று கவனியுங்கள். விரலால் சுரண்டினால் மாவு மாதிரி வரும். தண்ணீர் ஆவியாகிவிட்டது, உப்பு மண்ணிலேயே தங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். தினமும் ஒரு குவளை மட்டும் தெளித்துக்கொண்டே இருந்தால் இந்த உப்பு வெளியேற வழியே இல்லை. அதனால் கொஞ்சமாக அடிக்கடி விடுவதை விட, மண் காய்ந்த பிறகு அடி ஓட்டை வழியாக வெளியே வரும் அளவுக்கு நன்றாக விடுவது நல்லது. ஐப்பசி மழை அடிக்கும்போது பைகளை நிழல்கூரைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து நனையவிடுங்கள், உப்பு நன்றாகக் கழுவிப்போகும். நாற்றுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் கொடுங்கள்.

வீட்டுக்கு வீடு இப்போது ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது. அதிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு விடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாம். போர்த் தண்ணீரில் இருந்த உப்பு அதில் இன்னும் கெட்டியாக இருக்கும். வாசல் கழுவ, பாத்ரூமுக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் பீன்ஸ், கேரட், வெங்காயம் சரியாக வராது. பாலக்கீரையும் பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும்.

மண்ணும் எருவும்

பொள்ளாச்சி பக்கத்திலேயே இருப்பதால் நமக்குத் தேங்காய் நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது. மலிவு என்பதற்காகப் பை முழுக்க அதையே நிரப்புகிறார்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், டானின் என்கிற துவர்ப்புச் சாறு இருக்கும், செடிக்கான சத்து மட்டும் கிட்டத்தட்ட இருக்காது. போதாக்குறைக்கு, அது மக்குவதற்காக மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். செடி வெளிறிப்போய், வளராமல் நிற்கும். கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் காபி நிறத்தில் சாறு இறங்கும். அதை வடித்துவிட்டு மறுபடி ஊறப்போடுங்கள். தண்ணீர் ஓரளவு தெளிவாக வரும் வரை இரண்டு மூன்று முறை செய்தால் போதும். பிறகு மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. வெறும் செம்மண்ணை மட்டும் நிரப்பினால் அது இறுகிப்போகும். அதோடு கனம் வேறு: ஒரு கன அடி ஈரமண்ணே 45 முதல் 50 கிலோ இருக்கும். பழைய வீடாக இருந்தால் பைகளைச் சுவருக்கும் பீமுக்கும் மேலாக வரிசை வையுங்கள், நடு மாடியில் குவிக்காதீர்கள்.

எரு என்றால் மக்கியது. பச்சைச் சாணியைச் செடிக்குப் போடுவது பெரிய தவறு. மக்கும்போது சூடேறி வேரைக் கெடுக்கும், கூடவே வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவும் வந்து சேரும். பல்லடம், நாமக்கல் பக்கத்தில் கோழி எரு சுலபமாகக் கிடைக்கும். அதன் வீரியம் இன்னும் அதிகம், பல மாதம் மக்க வைக்காமல் தொடவே கூடாது. முதல்முறை செய்கிறவருக்கு நன்றாக மக்கிய தொழுவுரமோ, பொடித்த ஆட்டெருவோ போதும்.

தரையில் பாத்தி போடுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். நம் மண்ணில் பல இடங்களில் சுண்ணாம்பு அதிகம், கொத்தினால் வெள்ளைக் கல் வரும். இந்த மண்ணில் போய் முட்டை ஓட்டுப் பொடியும் அடுப்புச் சாம்பலும் கொட்டுகிறோம். இரண்டுமே சுண்ணாம்புத் தன்மையைக் கூட்டுகிறவை. இந்த மண்ணில் செடிக்குக் கிடைக்காமல் போவது இரும்புச் சத்துதான். புது இலை மஞ்சளாகவும் அதன் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தால் இரும்புக் குறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்து, சாயங்காலத்தில் இலையில் தெளித்தால் ஓரிரு வாரத்தில் புதுத் தளிர் பச்சையாக வரும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துப்போவதைப் பார்த்ததும் சுண்ணாம்புச் சத்துக் குறை என்று முட்டை ஓட்டைத் தேடாதீர்கள். நம் மண்ணில் சத்து இருக்கும். ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் காய்ச்சல் என்று தண்ணீர் விட்டால் அது காய்க்குப் போய்ச் சேராது.

எதை, எப்போது

தை மாதம் ஒரு விருந்தில் அவரைக்காய் சாப்பிட்டுவிட்டு அன்றே விதை வாங்கி ஊன்றுகிறவர்கள் உண்டு. பந்தல் முழுக்கக் கொடி படரும், பூ மட்டும் வராது. நாட்டுப் பந்தல் அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் போட்டால் மார்கழி, தையில் காய். மாசியில் போட்டாலும் பூவுக்கு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்கத்தான் வேண்டும். அப்படி ஆசைப்பட்டால் எல்லாப் பருவத்துக்கும் வரும் செடி அவரை ரகம் என்று கேட்டு வாங்குங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்த மாதிரி ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

சித்திரையில் தக்காளி பூத்துப் பூத்து உதிர்வதும் இந்தக் கணக்குதான். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் பூ பிஞ்சாகாது. உரம் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. கோடையில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள். காலிஃபிளவர், முட்டைக்கோஸ், முள்ளங்கி, கொத்தமல்லி எல்லாம் புரட்டாசிக்கு மேல். முருங்கைக்கு இடம் இருந்தால் தரையில் ஒன்று வைத்துவிடுங்கள், மூலனூர் முருங்கையின் பேரே நம் வறட்சியைத் தாங்கி வந்த பேர்தான்.

முதல் தடவையே இருபது வகை வேண்டாம். கீரை இரண்டு, மிளகாய், கத்தரி, வெண்டை, ஒரு கொடி. கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண் போட்டால் போதும். எறும்பு விதையை இழுத்துப் போகாமல் இருக்க பாத்தியைச் சுற்றி மஞ்சள் தூள் தூவுங்கள்.

பூ உதிர்ந்ததும் பதறுவது, பூச்சியைப் பார்த்ததும் மருந்தடிப்பது

பீர்க்கன், பாகல், பூசணிக் கொடியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும். பூவைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண். விரல்நுனி அளவில் ஒரு குட்டிப் பாகலோ குட்டிப் பூசணியோ ஒட்டியிருந்தால் பெண். பெண் பூ வந்தும் பிஞ்சு வெம்பிப்போனால் தேனீ வரவில்லை என்று அர்த்தம். பாகலும் பூசணியும் காலையில் விரியும், பீர்க்கன் சாயங்காலம். அந்தந்த நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுத் தடவிவிடுங்கள்.

பூச்சி என்றதும் கடைக்கு ஓடி மருந்து வாங்கும் பழக்கம் வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது நம் கோவையில்தான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் அது வெள்ளையாக மூடியது. என்ன மருந்தடித்தும் திரும்பத் திரும்ப வந்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவிகள்தான் அதை அடக்கின. உங்கள் பையில் இருக்கும் அசுவினியைத் தின்னவும் பொறிவண்டு வரும், ஒரு வாரம் பொறுங்கள். அதற்குள் கூடிப்போனால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அப்புறமும் நின்றால் ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளானால் மட்டும் பொறுக்க வேண்டாம். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்து கிடையாது. அந்தச் செடியை உடனே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

மயிலை மறக்கக் கூடாது. நாற்று நட்ட மறுநாள் காலை பாத்தி வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் அதன் வேலைதான். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, விரட்டலாமே தவிர ஊறு செய்யக் கூடாது. நாற்று வேர் பிடிக்கும் வரை மேலே வலை போடுங்கள். காட்டோரத்தில் பழைய சேலை கட்டுவது போல வீட்டுப் பாத்தியைச் சுற்றியும் கட்டலாம்.

காய்த்ததும் அழகு பார்த்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தால் தொடர்ந்து காய்க்கும். முற்றவிட்டால் செடி விதையைப் பார்க்கப் போய்விடும், பூப்பது குறையும். விதைக்கு வேண்டுமானால் கடைசிக் காய்ப்பில் நல்ல செடியாக ஒன்றைப் பார்த்து இரண்டு காயை மட்டும் முற்றவிடுங்கள், அதுவும் நாட்டு ரகமாக இருந்தால். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரியே காய்க்காது, அதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.