மியூவான் இணைகளிலிருந்து இசட் போசான் வரை: துகள் இயற்பியலில் ஒரு முதல் பயிற்சி

துகள் இயற்பியல் படிக்க வருபவர்களிடம் முதலில் நீட்டப்படுவது குவார்க்குகளும் லெப்டான்களும் அடங்கிய அட்டவணைதான். அதை முழுக்க மனப்பாடம் செய்தவரிடமும் "இந்தத் துகள் இருப்பது எப்படித் தெரிந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அதனால் வேறு பக்கத்திலிருந்து தொடங்குவோம். ஒரு தரவுக் கோப்பு, ஒரு சூத்திரம், ஒரு வரைபடம் போதும். 1974, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் உலகத்துக்குத் தெரியவந்த துகள்களை ஒரே படத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து வரைபடம் போடத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். குவாண்டம் புலக் கோட்பாடு இப்போதைக்குத் தேவையில்லை.

படி 1: தரவை எடுத்துக்கொள்ளுங்கள்

செர்ன் ஆய்வகம் தன் திறந்த தரவுத் தளத்தை 2014-இல் தொடங்கியது. அங்கே, பெரிய ஹாட்ரான் மோதுவியில் இயங்கும் சி.எம்.எஸ் சோதனையின் பகுதியில், இரண்டு மியூவான்கள் (எலக்ட்ரானின் கனமான உறவினர்கள்) பதிவான நிகழ்வுகள் மட்டும் பிரித்தெடுக்கப்பட்ட சி.எஸ்.வி கோப்புகள் கல்விக்காகவே கிடைக்கின்றன. ஒரு லட்சம் நிகழ்வுகள் கொண்ட கோப்பைத் தேர்ந்தெடுங்கள். 2010, 2011 ஆண்டுகளில் புரோட்டான்களை 7 டெராஇவி ஆற்றலில் மோதவிட்டபோது சேர்ந்த தரவு அது. (இவி, அதாவது எலக்ட்ரான்வோல்ட், ஆற்றலின் அலகு. மெகா, ஜிகா, டெரா என்று ஒவ்வொன்றும் ஆயிரம் மடங்கு பெரியது. துகள்களின் நிறையையும் உந்தத்தையும் இதே அலகில்தான் சொல்வார்கள்.) ஒவ்வொரு வரியும் ஒரு மோதல். பைத்தானின் பாண்டாஸ் நூலகம் கொண்டு திறந்து, முதல் பத்து வரிகளையாவது கண்ணால் பாருங்கள். தரவைப் பார்க்காமலே சூத்திரத்தில் போடும் பழக்கம் வரவே கூடாது.

ஏன் மியூவான்? எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் பையான்களும் துகள்களின் ஆற்றலை உறிஞ்சி அளக்கும் கலோரிமீட்டர்களிலேயே ஆற்றலை இழந்து நின்றுவிடும். மியூவான் அவற்றையும், அவற்றுக்கு வெளியே உள்ள தடித்த இரும்பு அடுக்குகளையும் துளைத்துக்கொண்டு போகும். அத்தனையையும் தாண்டி வெளி அறைகளில் மின்னூட்டமுள்ள ஒரு துகள் தடம் பதித்தால், அது பெரும்பாலும் மியூவான்தான். அடையாளம் இவ்வளவு தெளிவாக இருப்பதால்தான் முதல் பயிற்சிக்கு இதைவிட நல்ல துகள் இல்லை என்கிறேன்.

படி 2: மூன்று எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு மியூவானுக்கும் குறுக்கு உந்தம், ஈட்டா, ஃபை என்று மூன்று எண்கள் இருக்கும். கூடவே மின்னூட்டம்: கூட்டல் ஒன்று அல்லது கழித்தல் ஒன்று.

ஃபை என்பது புரோட்டான் கற்றை ஓடும் குழாயைச் சுற்றியுள்ள கோணம். ஈட்டா, கற்றைக்கும் துகளுக்கும் இடையிலான கோணத்தைச் சொல்கிறது. கற்றைக்குச் செங்குத்தாகப் பறந்தால் ஈட்டா சுழியம். 40 பாகைக் கோணத்தில் போனால் ஏறக்குறைய 1. 10 பாகைக்கு நெருங்கினால் 2.4. சி.எம்.எஸ் கருவியில் மியூவான்களை அளக்க முடிகிற எல்லையும் அந்த 2.4 தான்.

கற்றைக்குக் குறுக்கான திசையில் துகளுக்கு உள்ள உந்தமே குறுக்கு உந்தம். இதில்தான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சி.எம்.எஸ் கருவியின் நடுவில் 3.8 டெஸ்லா காந்தப்புலம் இருக்கிறது. மின்னூட்டமுள்ள துகள் அதில் வளைந்து போகும். வளைவின் ஆரத்தை மீட்டரில் எடுத்து, புலத்தின் வலிமையாலும் 0.3 என்ற எண்ணாலும் பெருக்கினால் குறுக்கு உந்தம் ஜிகாஇவி அலகில் கிடைத்துவிடும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 40 ஜிகாஇவி மியூவானின் வளைவு ஆரம் சுமார் 35 மீட்டர். உள்ளே இருந்து தடங்களைப் பதியும் சிலிக்கான் டிராக்கரின் ஆரமோ ஏறத்தாழ 1.1 மீட்டர்தான். அந்தத் தொலைவுக்குள் பாதை நேர்கோட்டிலிருந்து விலகுவது வெறும் 4 மில்லிமீட்டர். அந்த 4 மில்லிமீட்டரை எவ்வளவு துல்லியமாக அளக்கிறோமோ அவ்வளவுதான் உந்தத்தின் துல்லியம். உந்தம் கூடக் கூடப் பாதை நேராகிக்கொண்டே போகும், அளவீடும் மோசமாகும். படி 6-இல் இது திரும்ப வரும்.

படி 3: மாறா நிறையைக் கணக்கிடுங்கள்

ஒரு துகள் சிதைந்து இரண்டு மியூவான்களைத் தந்திருந்தால், அவற்றின் ஆற்றலையும் உந்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் தாய்த் துகளின் நிறை கிடைக்க வேண்டும். சூத்திரம் இது:

நிறையின் வர்க்கம் = 2 × முதல் குறுக்கு உந்தம் × இரண்டாம் குறுக்கு உந்தம் × [காஷ்(ஈட்டா வேறுபாடு) − காஸ்(ஃபை வேறுபாடு)]

காஷ் என்பது அதிபரவளையக் கொசைன். பைத்தானின் நம்பை நூலகத்தில் தயாராக இருக்கிறது. ஃபை ரேடியனில் இருக்க வேண்டும்.

கையால் ஒன்று போட்டுப் பார்ப்போம். குறுக்கு உந்தங்கள் 40, 45 ஜிகாஇவி. ஈட்டா வேறுபாடு 0.8, ஃபை வேறுபாடு 3.0. காஷ் 1.337, காஸ் −0.990. அடைப்புக்குள் 2.327 வருகிறது. அதை 3600-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 91.5 ஜிகாஇவி. இந்த ஒரு கணக்கை நிரலில் கொடுத்தும் அதே விடை வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு லட்சம் வரிகளுக்கும் ஓட்டலாம்.

இந்தச் சூத்திரம் மியூவானின் சொந்த நிறையான 0.106 ஜிகாஇவியைப் பொருட்படுத்துவதில்லை. 91-க்குப் பக்கத்தில் அது தெரியவே தெரியாது. 3 ஜிகாஇவிக்குப் பக்கத்தில் மட்டும் விடை சுமார் 7 மெகாஇவி குறைவாக வரும்.

படி 4: வரைபடம்

எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இணைகளை மட்டும் எடுத்து ஹிஸ்டோகிராம் போடுங்கள். இரு அச்சுகளுக்கும் மடக்கை அளவு வையுங்கள். 3.1-க்குப் பக்கத்தில் ஜே-சை, 9.5-ஐ ஒட்டி அப்சிலான், 91-இல் இசட் என்று மூன்று துகள்களின் முகடுகள் எழும்பி நிற்கும். 1974 நவம்பரில் புரூக்ஹேவனிலும் ஸ்டான்ஃபோர்டிலும் ஒரே சமயத்தில் அறிவிக்கப்பட்டது ஜே-சை. 1977-இல் ஃபெர்மிலாபில் அப்சிலான். 1983-இல் செர்னில் இசட்.

அடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெரிதாக்குங்கள். ஜே-சைக்கு 2.8 முதல் 3.4 வரை, பெட்டி (ஹிஸ்டோகிராமின் ஒரு பட்டை) அகலம் 0.01. இசட்டுக்கு 70 முதல் 110 வரை, அகலம் 1. எல்லாவற்றுக்கும் ஒரே அகலம் வைத்தால் ஏதோ ஒரு முகடு கெட்டுப்போகும்.

இனி அதே படத்தை, ஒரே மின்னூட்டம் கொண்ட இணைகளுக்கும் போடுங்கள். மின்னூட்டம் இல்லாத ஒரு துகள் இரண்டு நேர் மியூவான்களாகச் சிதைய முடியாது. ஆகவே அந்தப் படத்தில் முகடுகள் இருக்கக் கூடாது. இந்தப் படத்தைப் போட ஒரே வரியை மாற்றினால் போதும். அந்த வரியைத் தவறாமல் மாற்றிப் பார்ப்பவர்தான் சோதனையாளர்.

படி 5: மேடு எல்லாம் துகளா?

இல்லை. குறைந்த நிறைப் பகுதியில் அகன்ற மேடுகள் சில தெரியலாம். எந்த மோதலைச் சேமிப்பது என்று நொடிக்குள் முடிவெடுக்கும் டிரிகர் அமைப்பு, குறிப்பிட்ட உந்தத்துக்கு மேலுள்ள மியூவான்களைத்தான் ஏற்கும். அந்த எல்லைகளாலும் மேடு உருவாகும்.

மீதிச் சிறு ஏற்ற இறக்கங்களுக்கு எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அளவுகோல். ஒரு பெட்டியில் 400 நிகழ்வுகள் எதிர்பார்த்தால், 20 கூடவோ குறையவோ வருவது இயல்பு. இந்த இயல்பான விலகலைத்தான் ஒரு சிக்மா என்பார்கள். 440 வந்தால் இரண்டு சிக்மா. நூறு பெட்டிகள் இருந்தால் இப்படி விலகியவை நான்கைந்து தற்செயலாகவே இருக்கும். 520 வந்தால் ஆறு சிக்மா. அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. புதுத் துகள் என்று அறிவிக்க ஐந்து சிக்மா கேட்கும் வழக்கத்தின் நியாயம் இதுதான்.

படி 6: அகலத்தைப் படியுங்கள்

இந்தப் பயிற்சியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஜே-சை முகட்டின் அகலத்தை உங்கள் படத்தில் அளந்தால் சில பத்து மெகாஇவி வரும். ஆனால் அந்தத் துகளின் இயற்கையான அகலம் (கருவியே பிழையில்லாமல் அளந்தாலும் இருக்கும் அகலம்) 0.1 மெகாஇவிக்கும் குறைவு. அப்படியானால் நீங்கள் பார்க்கும் அகலம் முழுக்கக் கருவியுடையது: அந்த மில்லிமீட்டர் கணக்கு வளைவை அளப்பதில் வந்த மங்கல்.

இசட்டில் கதை வேறு. அதன் இயற்கை அகலமே 2.5 ஜிகாஇவி. டிராக்கரின் மங்கல் கூடச் சேர்ந்தாலும், பெரும்பகுதி இயற்கையுடையது. குவாண்டம் இயற்பியலின் சுருக்கப்பட்ட பிளாங்க் மாறிலியை அந்த அகலத்தால் வகுத்தால் இசட் போசானின் ஆயுள் கிடைக்கும்: 2.6 × 10⁻²⁵ நொடி. எந்தக் கடிகாரமும் அளக்க முடியாத காலத்தை ஒரு முகட்டின் பருமனிலிருந்து வாசித்துவிட்டீர்கள். வரைபடத்தில் எது இயற்கை, எது கருவி என்று பிரிப்பதுதான் இந்தத் துறையின் அன்றாட வேலை.

படி 7: வளைவைப் பொருத்துங்கள்

இசட் பகுதிக்கு பிரைட்-விக்னர் வளைவோடு (குறுகிய ஆயுளுள்ள துகளின் முகட்டு வடிவத்தைத் தரும் சூத்திரம்) ஒரு நேர்கோட்டுப் பின்னணியைச் சேர்த்து, பைத்தானின் சைபை நூலகம் கொண்டு பொருத்துங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் வர்க்கமூலப் பிழையைக் கட்டாயம் கொடுங்கள். எண்ணிக்கை சுழியமாக உள்ள பெட்டிகளை அப்படியே விட்டால் பிழையும் சுழியமாகி வகுத்தலில் சிக்கல் வரும். பக்கத்துப் பெட்டிகளோடு சேர்த்துவிடுங்கள்.

கிடைத்த நிறையை 91.188 ஜிகாஇவியோடு ஒப்பிடுங்கள். எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதல்களில் அளக்கப்பட்ட மதிப்பு அது. பிழை வெறும் 0.002. உங்கள் எண் சற்றுக் குறைவாக வந்தால் முகட்டின் இடப்பக்கத்தைக் கவனியுங்கள். மியூவான்கள் சில நேரம் ஒரு ஃபோட்டானை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும். அதனால் அந்தப் பக்கத்தில் வால் நீளும். உந்த அளவுகோலில் உள்ள சிறு பிழையும் சேர்ந்திருக்கலாம். எத்தனை லட்சம் நிகழ்வுகள் சேர்த்தாலும் இவை குறையாது. தனியாக ஆராய்ந்துதான் திருத்த வேண்டும்.

படி 8: அப்சிலானைப் பிரியுங்கள்

8.5 முதல் 11.5 வரையிலான பகுதியை 0.05 அகலத்தில் போடுங்கள். அங்கே இருப்பது ஒரு துகள் அல்ல, 9.46, 10.02, 10.36 ஜிகாஇவி நிறை கொண்ட மூன்று. முழுத் தரவில் கடைசி இரண்டும் ஒட்டிக்கொண்டு தெரியலாம். இப்போது இரண்டு மியூவான்களின் ஈட்டாவும் −1-க்கும் 1-க்கும் இடையில் உள்ள நிகழ்வுகளை மட்டும் வைத்துத் திரும்பப் போடுங்கள். டிராக்கரின் நடுப்பகுதியில் உந்தம் நன்றாக அளக்கப்படுகிறது. நிகழ்வுகள் குறைந்திருக்கும், முகடுகள் விலகி நிற்கும்.