ஆளைப் பாய்ந்து அடிக்கிற சேவல்: வளவில் நாம் விடுகிற தவறுகள்

விடியக் கூட்டைத் திறந்ததும் முதலில் வெளியே பாய்வது சேவல்தான். ஒரு காலம் அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் தனியாகக் கோடிப்பக்கம் போகமாட்டோம். சிவந்த கழுத்தும் கருத்த வாலுமாகப் பார்க்க நல்ல வடிவான சேவல். ஏழெட்டு மாதம் இருக்கும். விசுவமடுவில் எங்கள் வீட்டுக்கு லீவுக்கு வந்திருந்த தங்கையின் மகளுக்கு அப்போது நாலு வயது. பேடுகளுக்குப் பின்னால் ஓடியவள் அலறிக்கொண்டு விழுந்தாள். சேவலின் கால்முள்ளு கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை தள்ளி ஏறியிருந்தது.

அன்று முழுக்கச் சேவலைத்தான் திட்டினோம். ஆனால் அதற்கு முந்திய இரண்டு மாதமாக அது எங்களுக்குக் காட்டிய குறிகளையும், நாங்கள் ஒவ்வொன்றுக்கும் பிழையாகச் செய்ததையும் பிறகு யோசித்தபோதுதான் இதை எழுதவேண்டும் என்று பட்டது. வன்னியில் கோழி நிற்காத வளவு குறைவு. மீள்குடியேறிய காலத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது கோழிதான். இன்றைக்கும் தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கிற பெண்களுக்கு முட்டைக் காசுதான் கொப்பிக்கும் பேனைக்கும். அந்த வளவுகளில் ஓடித் திரிவதும் சின்னப் பிள்ளைகள்தான்.

அடிக்கிற சேவல்தான் நல்ல காவல் என்று நம்புவது

எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு இதுதான். "அடிக்கிற சேவல் நிண்டால்தான் பிராந்து கிட்ட வராது" என்று ஊரில் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் அந்தச் சேவலை வைத்திருந்தேன்.

நல்ல சேவல் ஒன்றை ஒரு அரைமணி நேரம் இருந்து பாருங்கள். பேடுகள் குப்பையைக் கிளறும்போது அது தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொள்ளும். பிராந்து தெரிந்தால் மெல்லிதாக நீட்டி ஒரு சத்தம். பேடுகள் பற்றைக்குள் ஓடிப் பதுங்கி அசையாமல் கிடக்கும். கீரியோ நாயோ தரையால் வந்தால் சத்தம் வேறு. விட்டுவிட்டு, உரத்து, கொக்கரிக்கும். அப்போது பேடுகள் பதுங்குவதில்லை. கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று சுற்றிப் பார்க்கும். விலங்குகளின் நடத்தையை ஆராய்கிறவர்கள் இந்த இரண்டு சத்தத்தையும் பதிவு செய்து, பிராந்தும் இல்லாமல் கீரியும் இல்லாமல் பேடுகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். சத்தத்தை மட்டும் கேட்டே பேடுகள் அந்தந்த ஆபத்துக்கு ஏற்றபடி நடந்தன. சேவலின் காவல் என்பது இந்தக் கண்ணும் இந்தக் குரலும்தான்.

தீன் போட வருகிற ஆளின் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சேவலுக்கு வானத்தைப் பார்க்க நேரம் ஏது? எங்கள் முரட்டுச் சேவல் நின்ற காலத்தில்தான் ஒரே கிழமையில் மூன்று குஞ்சைப் பிராந்து தூக்கிக்கொண்டு போனது. இரவில் வருகிற மரநாய்க்கோ எந்தச் சேவலும் காவல் இல்லை. இருட்டில் கோழிக்குக் கண் நன்றாகத் தெரியாது. அதற்குக் கூட்டுக் கதவும் இறுக்கமான கொளுக்கியும்தான் காவல்.

முதல் குறிகளை விளையாட்டு என்று விடுவது

ஐந்து ஆறு மாதத்தில் சேவலுக்கு ஆண் சுரப்பு ஏறும். அப்போதுதான் குணம் மாறத் தொடங்கும். ஒருநாளும் திடீரென்று பாய்வதில்லை. முதலில் ஒரு செட்டையைத் தரையில் உரசுமாப்போலத் தாழ்த்தி, பக்கவாட்டாக அரைவட்டம் போட்டு உங்களைச் சுற்றி வரும். எங்கள் வீட்டில் அதைப் பார்த்துப் பிள்ளைகள் "சேவல் ஆடுது" என்று கைதட்டினார்கள். அது ஆட்டமில்லை, உங்களை அளந்து பார்க்கிறது. பிறகு உங்களைப் பார்த்தபடியே தரையில் ஒன்றுமில்லாத இடத்தைக் கொத்தும். கழுத்து இறகு குடைபோல விரியும். சப்பாத்தைக் கொத்தும். கடைசியில்தான் இரண்டு காலையும் முன்னுக்கு நீட்டிப் பாயும். செட்டையைத் தாழ்த்திய அன்றே கவனித்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

உதைப்பது, அல்லது ஓடுவது

நான் உதைத்தேன். விளக்குமாற்றால் அடித்தேன். ஒவ்வொரு முறையும் அது இரண்டடி பின்வாங்கி, மறுநாள் இன்னும் மூர்க்கமாக வந்தது. பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நீ உதைக்க உதைக்க அது உன்னை இன்னொரு சேவல் எண்டுதான் நினைக்கும். சேவலுக்குச் சேவல் விட்டுக்குடுக்குமே?" இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கவில்லை. அடி விழுந்தால் அதற்கு அது சண்டை. நாளைக்கும் தொடரவேண்டிய சண்டை. தவிர, ஒரு உதையில் நெஞ்செலும்பு முறிந்து அந்த உயிர் நாள்கணக்கில் வதைபடும்.

ஓடுவதும் இதே அளவுக்குப் பிழை. நீங்கள் திரும்பி ஓடினால் அது வென்றுவிட்டது. வென்றதைத் திரும்பச் செய்யாமல் விடாது. பிள்ளைகளைத்தான் அது கூடத் துரத்துவதற்கு அவர்கள் ஓடுவதும் ஒரு காரணம்.

ஆச்சி சொல்லித் தந்தது சுளகு வித்தை. கோடிப்பக்கம் போகும்போது ஒரு பழைய சுளகைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சேவல் வந்தால் நின்ற இடத்திலேயே நின்று, முழங்கால் உயரத்தில் சுளகை உங்களுக்கும் அதற்கும் இடையில் பிடிக்க வேண்டும். அடிக்கக்கூடாது, கலைக்கவும் கூடாது. அது பாய்ந்து சுளகில் மோதும். இரண்டு மூன்று தரம் மோதும். பிறகு முகத்தைத் திருப்பித் தரையில் எதையாவது பொறுக்கத் தொடங்கும். அதுவரைக்கும் நகராமல் நிற்பதுதான் முக்கியம். அதன்பிறகு உங்கள் வேலையைப் பாருங்கள், ஆனால் முதுகைக் காட்டிக் குனியாதீர்கள். அதன் கண்ணுக்கு முன்னால் பேடு ஒன்றைப் பிடித்துக் கத்த வைப்பதையும் தவிருங்கள். பேடு பிடிக்க வேண்டுமென்றால் இருட்டியபிறகு பிடியுங்கள்.

இருட்டில் சேவலும் அமைதிதான். தடியில் படுத்திருக்கும்போது இரண்டு செட்டையையும் சேர்த்து அணைத்து எடுத்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நடக்கலாம். இரண்டு கிழமை விடாமல் செய்தால் இளஞ்சேவல்கள் சில அடங்கும். எங்களிடம் பிறகு நின்ற ஒன்று அடங்கியது. ஆனால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு "அடக்குகிற" வேலை வேண்டாம். பறவைகளுக்கு நம்மைப்போல நெஞ்சறையையும் வயிற்றையும் பிரிக்கிற தசை இல்லை. தலைகீழானால் குடலும் ஈரலும் காற்றுப்பைகளை அமுக்கி மூச்சுத் திணறும்.

சேவற்குஞ்சைச் செல்லப்பிள்ளையாக்குவது

இது மனதுக்குக் கஷ்டமான தவறு, அன்பால் வருவது. எங்கள் சேவலும் தாயைக் கீரி பிடித்தபிறகு மகனின் மடியில் குருணல் தின்று வளர்ந்ததுதான். காட்டோரக் கிராமங்களில் "காட்டுக்கோழி இரத்தம், அதுதான் முரடு" என்பார்கள். ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் விடியற்காலையில் காட்டுக்கோழிச் சேவலைக் கண்டவர்களுக்குத் தெரியும்: ஆளின் காலடி கேட்ட கணமே அது பற்றைக்குள் மறைந்துவிடும். காட்டுப் பறவைக்கு மனிதர் பயம். மடியில் வளர்ந்த சேவலுக்குத்தான் அந்தப் பயம் இல்லை. அது எங்களைத் தன் கூட்டத்தில் ஒருவராக எண்ணுகிறது. பருவம் வந்ததும் கூட்டத்தில் உள்ள மற்ற ஆணோடு மோதுவதுபோல எங்களோடு மோதுகிறது. பிள்ளைகள் பேட்டுக்குஞ்சைத் தூக்கிக் கொஞ்சட்டும். கொண்டை சிவந்து பெருக்கத் தொடங்கிய குஞ்சைக் கூட்டத்தோடு விட்டுவிடுங்கள்.

பேடு எத்தனை, சேவல் எத்தனை என்பதையும் பாருங்கள். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பேடு அளவானது. நாலு பேட்டுக்கு இரண்டு சேவல் நின்றால் சேவல்களுக்கும் எரிச்சல், பேடுகளின் முதுகும் இறகு கழன்று வெறுமையாகிவிடும். முட்டை தின்பதற்கு மட்டும் கோழி வளர்க்கிற வீட்டுக்குச் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பேடு முட்டையிடும். குஞ்சு மட்டும்தான் பொரிக்காது.

முள்ளைக் குறட்டால் முறிப்பது

முள்ளு முழுக்க நகம் அல்ல. காலெலும்பிலிருந்து வளர்ந்த எலும்பு உள்ளே இருக்கிறது, இரத்தம் ஓடுகிற எலும்பு. குறட்டால் முறித்தால் இரத்தம் பெருகும், புண் அழுகும். இரவில் ஒருவர் பிடிக்க மற்றவர் நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மொட்டையாக்கலாம். அது குணத்தை மாற்றாது, காயத்தின் ஆழத்தைக் குறைக்கும். அவ்வளவுதான்.

காயத்தில் கோப்பித்தூள் அப்புவது

தங்கையின் மகளுக்கு யாரோ கோப்பித்தூளோடு ஓடி வந்தார்கள். நல்ல காலம், தடுத்துவிட்டோம். எச்சத்திலும் சேற்றிலும் நிற்கிற முள்ளு அது. வெளியில் சின்ன ஓட்டை, உள்ளே ஆழம். மஞ்சள், சாம்பல், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு (ரெட்டனஸ்) ஊசி தேவையா என்று கேளுங்கள். கண்ணுக்குக் கிட்ட என்றால் அன்றே, அந்த மணியே. விசர்நாய்க்கடி ஊசியைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த நோய் பாலூட்டிகளால் பரவுவது, கோழியால் வருவதில்லை.

காலில் நரம்பு புடைத்த முதியவர்களையும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களையும் சேவலுக்குக் கிட்ட விடாதீர்கள். அவுஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப்போன 76 வயதுப் பெண் ஒருவரின் காலில் புடைத்திருந்த நரம்பைச் சேவல் கொத்தியதில் இரத்தம் போயே அவர் இறந்தார். 2019இல் மருத்துவ இதழில் வெளிவந்த செய்தி அது. எங்கள் அம்மாவை அதன்பிறகு நான் கூட்டடிக்கு விடுவதில்லை.

சொல்லாமல் விற்பது

ஒரு தரம் பிள்ளையின் இரத்தம் கண்ட சேவலை, சின்னப் பிள்ளைகள் உள்ள வளவில் வைத்திருக்கக்கூடாது என்பது என் உறுதியான முடிவு. கறிக்கு எடுப்பதில் பாவம் எதுவும் இல்லை. முற்றிய சேவல், நேரமெடுத்து வேகவிட வேண்டும். சந்தைக்குக் கொண்டுபோனால் வாங்குகிறவரிடம் குணத்தைச் சொல்லி விற்க வேண்டும். அவர் வீட்டிலும் ஒரு நாலு வயதுப் பிள்ளை இருக்கலாம். வைரவருக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்றால் வெட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. அதற்கு வேம்பின் கீழே வலையடித்துத் தனிக்கூடு போட்டு, கும்பிடுகிற நாள் வரைக்கும் நிழலும் தண்ணீரும் குறையாமல் வையுங்கள்.

முரட்டுச் சேவலோடு நின்ற பேடுகளின் முட்டையை அடைக்கு வைப்பதும் தவறு. முரட்டுக் குணம் ஓரளவு இரத்தத்தில் இறங்கும். சேவலை அகற்றிய மறுநாளே புதுச் சேவலின் குஞ்சு என்று நினைத்து முட்டை சேர்க்காதீர்கள். பேட்டின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு கிழமை, சிலவேளை மூன்று கிழமை வரைக்கும் உயிரோடு தங்கும். மூன்று கிழமைக்கு வருகிற முட்டையைப் பொரித்துச் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகு இட்ட முட்டையில் பென்சிலால் திகதி எழுதி வைத்து, அதைத்தான் அடைக்கு வைக்க வேண்டும்.