நாய்க்கு வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

வளர்ப்பு நாய் திடீரென விழுந்து கால்களை உதைத்து, வாயில் நுரை தள்ளினால், மணியைக் குறித்துக்கொண்டு கைத்தொலைபேசியில் காணொளி எடுங்கள். நாயைத் தூக்க வேண்டாம்; நாற்காலி, மேசையை மட்டும் தள்ளி வைத்து, மாடிப்படி பக்கம் உருண்டுவிடாமல் மறித்து நில்லுங்கள்.

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். பதறும் நமக்கோ அது பத்து நிமிடமாகத் தோன்றும். கிளினிக் போய்ச் சேரும்போது நாய் எழுந்து நடக்கும் என்பதால், அது வலிப்பா, இதயக் கோளாறால் வந்த மயக்கமா என்று மருத்துவர் பிரித்தறிய அந்தக் காணொளி பெரிதும் உதவும். வாய்க்குள் கையையோ கரண்டியையோ நுழைக்கவே கூடாது. நாய் நாக்கை விழுங்காது. ஆனால் தன்னையறியாமல் கடித்துவிடும்.

வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வந்தாலோ காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். எலி மருந்தைத் தின்றிருக்கலாம், மழைக்குப் பிறகு கொல்லையில் தேரையைக் கவ்வியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் அப்படித்தான். கோலாலம்பூர் மதிய வெயிலில் ஓடிவிட்டு விழுந்த நாய் என்றால், உடலைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறிக்கொண்டே கொண்டுபோங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மாலை நெரிசலில் அரை மணிப் பயணம் எளிதில் ஒரு மணியாகும். வீட்டுக்கு அருகே 24 மணி நேரமும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனையின் எண்ணை இன்றே பதிந்து வையுங்கள்.