இணையவழி மனநல ஆலோசனை: முதல் அமர்வுக்கு முன்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்துகொண்டு இணையவழியில் மனநல ஆலோசகரிடம் பேசத் தொடங்குபவர்கள், எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வளவைச் (வீட்டின் நடு முற்றத்தைச்) சுற்றி அறைகள் அமைந்த செட்டிநாட்டு வீடுகளில் குரல் எளிதில் பரவும் என்பதாலும், அப்பத்தாவோ ஐயாவோ இடையில் வந்து "யாருகிட்டப் பேசுற?" என்று கேட்கக்கூடும் என்பதாலும், மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இயர்போனுடன் அமர்வது நல்லது. அதற்கும் வழியில்லையென்றால், நிறுத்தி வைத்த காரே போதும்.

முதல் அமர்வு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம் வரை நடக்கும். தூக்கம், பசி, குடும்பச் சூழல், முன்பு எடுத்த சிகிச்சை ஆகியவற்றை ஆலோசகர் விசாரிப்பார்; அன்றைக்கே தீர்வை எதிர்பார்க்க வேண்டாம். அவருடைய கல்வித் தகுதி, கட்டணம், இணைப்பு துண்டிக்கப்பட்டால் என்ன செய்வது ஆகியவற்றை நீங்களும் தயங்காமல் கேளுங்கள். நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காப்பது அவர் கடமை. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில் அதற்கு விலக்கு உண்டு. மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

சில அமர்வுகளுக்குப் பின்னும் மனம் ஒட்டவில்லையென்றால் ஆலோசகரை மாற்றிக்கொள்ளலாம். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. தற்கொலை எண்ணம் எழுந்தால் அடுத்த அமர்வு வரை காத்திருக்காமல், 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசக்கூடிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ உடனே அழையுங்கள்.