ஐப்பசி கடைமுழுக்குக்குப் போகிறீர்களா?

மயிலாடுதுறை துலாக்கட்டப் படித்துறையில் ஐப்பசி முழுக்கக் காவிரி நீராடல் உண்டு. கூட்டம் அலைமோதுவது மாதக் கடைசி நாளான கடைமுழுக்கில்தான். விடிவதற்கு முன்பே போய்விடுங்கள். மழைக்காலம், படியெல்லாம் வழுக்கும். பெரியவர்களைக் கைபிடித்து இறக்குங்கள். முதலில் தண்ணீரைத் தலையில் தெளித்துக் கும்பிட்டு, அப்புறம் மூன்று முழுக்கு. இடுப்பளவு தண்ணீர் போதும். சோப்பு வேண்டாம்.

கட்டியிருந்த துணியைச் சிலர் ஆற்றிலேயே விடுகிறார்கள். எனக்கு மனசே ஆறாது. தாயென்று கும்பிட்டுவிட்டு அவள் மேலேயே குப்பை போடலாமா? ஈரத்துணிக்கு ஒரு பை எடுத்துப் போங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் நாங்கள் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்குக்குத்தான் போவோம். நடக்க முடியாமல் பிந்தி வந்த பக்தருக்காக இறைவன் அருளிய நாள் என்பார்கள், அதே புண்ணியம்தான். உடை மாற்றியதும் ஊர்க் கோயிலில் மயூரநாதரையும் அபயாம்பிகையையும் தரிசித்துவிட்டு வாருங்கள்.